ஹார்மோன் சிகிச்சை எடுப்பவரின் தைராய்டும் கார்ட்டிசோலும்: ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

ஏற்கெனவே தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுக்கும் ஒருவர், மெனோபாஸுக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருக்கும். திடீர் திடீரென்று வியர்த்துக் கொட்டுவது குறைந்திருக்கும், தூக்கமும் ஓரளவு பிடிபட்டிருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு முழு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ஏறியிருக்கும். காலை கார்ட்டிசோலும் வரம்பைத் தாண்டி நிற்கும். இரண்டு எண்களும் தடித்த எழுத்தில் அச்சாகி வர, சிகிச்சையே உடம்பைக் கெடுத்துவிட்டதோ என்ற பயம் தொற்றிக்கொள்ளும்.

அந்த இரண்டு எண்களும் ஒரே காரணத்தால் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அவற்றில் ஒன்று உடம்பில் நடந்த உண்மையான மாற்றத்தைக் காட்டுகிறது. மற்றது பெரும்பாலும் வெறும் தோற்றம். எது உண்மை, எது தோற்றம் என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. டோஸை நீங்களே மாற்றிக்கொள்வதற்கு அல்ல. மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு.

முதலில் கொஞ்சம் அடிப்படை

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி முக்கியமாக டி4 என்ற தைராக்சினைச் சுரக்கிறது. கொஞ்சம் டி3-யும் சுரக்கிறது. செல்களுக்குள் போய் உண்மையில் வேலை செய்வது டி3. உடம்பு தனக்கு வேண்டிய டி3-யில் பெரும்பகுதியை டி4-இல் இருந்து அங்கங்கே மாற்றி எடுத்துக்கொள்கிறது. தைராய்டு எவ்வளவு சுரக்க வேண்டும் என்று சொல்வது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அது அனுப்பும் ஹார்மோன்தான் டி.எஸ்.எச். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும்; கூடினால் இறங்கும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை என்பது லேப்கள் தரும் வழக்கமான வரம்பு.

கார்ட்டிசோல் சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளில் இருந்து வருகிறது. அதையும் பிட்யூட்டரிதான் கட்டுப்படுத்துகிறது; தூது போகும் ஹார்மோனின் பெயர் ஏ.சி.டி.எச். கார்ட்டிசோலை ‘மன அழுத்த ஹார்மோன்’ என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, காய்ச்சலைத் தாங்கும் திறன் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அது அடியோடு இல்லாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு விஷயம், கார்ட்டிசோலுக்கு நேரம் உண்டு. விடியற்காலையில் ஏற ஆரம்பித்து, எழுந்த சிறிது நேரத்தில் உச்சத்துக்குப் போய், பகல் முழுக்க இறங்கி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு வருகிறது. காலை எட்டு மணிக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 15 மைக்ரோகிராம் என்பது சாதாரணம். அதே 15 நள்ளிரவில் வந்தால் கவனிக்க வேண்டிய விஷயம். எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்று தெரியாமல் கார்ட்டிசோல் எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது.

தைராக்சினையும், கார்ட்டிசோலின் நெருங்கிய உறவான கார்ட்டிசோனையும் பிரித்தெடுத்ததில் ஒரே ஆளின் பெயர் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. எட்வர்ட் கெண்டல் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1914 கிறிஸ்துமஸ் நாளில் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பிறகு அட்ரீனல் ஹார்மோன்கள் பக்கம் திரும்பி, அந்த வேலைக்காக 1950இல் நோபல் பரிசை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

கட்டுண்டது, கட்டில்லாதது

இனி வருவதுதான் விஷயத்தின் மையம். இது புரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம்.

தைராக்சினும் கார்ட்டிசோலும் ரத்தத்தில் தனியாக மிதந்து போவதில்லை. பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டு போகிறது. தைராக்சினைச் சுமக்கும் முக்கியப் புரதத்துக்கு டி.பி.ஜி. என்று பெயர். கார்ட்டிசோலைச் சுமப்பது சி.பி.ஜி. இரண்டையும் தயாரிப்பது கல்லீரல். பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் போகிற வழியில் எந்த வேலையையும் முடிக்க முடியாது, இறங்கினால்தான் முடியும். அதுபோல, புரதத்தை விட்டு இறங்கிய ஹார்மோன் மட்டுமே செல்லுக்குள் போய் வேலை செய்யும். தைராக்சினில் அப்படிக் கட்டில்லாமல் இருப்பது சுமார் 0.03 சதவீதம்தான். பத்தாயிரத்தில் மூன்று! கார்ட்டிசோலில் ஏறக்குறைய 5 சதவீதம்.

லேப் ரிப்போர்ட்டில் ‘மொத்த டி4’ என்று இருந்தால் ஒட்டியிருப்பது, இறங்கியது எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியது. ‘ஃப்ரீ டி4’ என்று இருந்தால் இறங்கியதை மட்டும். ரத்தத்தில் எடுக்கும் சாதாரண கார்ட்டிசோல் பரிசோதனை மொத்தக் கணக்கைத்தான் தருகிறது. ‘மொத்தம்’ என்ற சொல்கூட அதில் பல சமயம் இருக்காது, ‘சீரம் கார்ட்டிசோல்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். குழப்பம் ஆரம்பிப்பதே அங்கேதான்.

விழுங்குவதா, ஒட்டுவதா

ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கினால், குடலில் உறிஞ்சப்பட்டு நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. உடம்பின் மற்ற இடங்களுக்குப் போவதற்கு முன் கல்லீரல் அதை அடர்த்தியாகச் சந்திக்கிறது. அதன் விளைவாகக் கல்லீரலில் இருந்து வரும் பல புரதங்களின் அளவு மாறுகிறது. சி.பி.ஜி. கூடுகிறது. டி.பி.ஜி.யும் கூடுகிறது; அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துணுக்குகள் மாறிவிடுவதால் அது ரத்தத்தில் இருந்து வெளியேற அதிக நாள் ஆகிறது என்பது அதற்கு முக்கியக் காரணம். ரத்தம் உறைய உதவும் புரதங்களும் இதே வழியில்தான் கூடுகின்றன. ரத்தக்கட்டு அபாயம் உள்ளவர்களுக்கு மாத்திரையைத் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம்.

பேட்ச், ஜெல், ஸ்பிரே எதுவானாலும் தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் நேராக ரத்த ஓட்டத்தில் கலக்கிறது. கல்லீரலுக்கு அது போய்ச் சேரும்போது மற்ற உறுப்புகளுக்குக் கிடைக்கும் அதே அளவில்தான் போகிறது. சுமக்கும் புரதங்கள் பெரிதாக அசைவதில்லை. பிறப்புறுப்பு வறட்சிக்காக மட்டும் போடும் குறைந்த டோஸ் க்ரீம், மாத்திரை வகைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ரத்தத்தில் கலப்பது அவ்வளவு குறைவு.

ஆகவே ‘எச்.ஆர்.டி. (மெனோபாஸுக்கான ஹார்மோன் சிகிச்சை) எடுக்கிறேன், தைராய்டு பாதிக்குமா?’ என்ற கேள்விக்கு, ‘எந்த வழியில் எடுக்கிறீர்கள்?’ என்ற எதிர்க்கேள்விதான் முதல் பதில். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதைவிட இதுதான் முக்கியம். ஆனால் பலரிடம் இதைக் கேட்பதே இல்லை.

தைராக்சின் எடுப்பவருக்கு என்ன நடக்கிறது

தைராய்டு நன்றாக இருப்பவர் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை ஆரம்பிக்கிறார் என்று வைப்போம். டி.பி.ஜி. கூடுகிறது. கட்டில்லாமல் இருந்த தைராக்சினில் கொஞ்சத்தைப் புதிய புரதங்கள் பிடித்துக்கொள்கின்றன. பிட்யூட்டரி இதைக் கவனித்து டி.எஸ்.எச்.சைக் கொஞ்சம் தள்ளிவிட, தைராய்டு கூடுதலாகச் சுரந்து பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. சில வாரங்களில் கட்டில்லாத அளவு பழைய இடத்துக்கே வந்துவிடும். மொத்த டி4 மட்டும் ஏறி நிற்கும். இவருக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. ஏறிய மொத்த டி4-ஐப் பார்த்து ‘தைராய்டு கூடிவிட்டது’ என்று யாராவது சொன்னால் ஃப்ரீ டி4-ஐயும் டி.எஸ்.எச்.சையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுப்பவரின் கதை வேறு. அவருடைய சுரப்பியால் கூடுதலாகச் சுரக்க முடியாது. அறுவை சிகிச்சையில் அதை எடுத்தே விட்டவர்களும் இருப்பார்கள். தினமும் உள்ளே போவது அளந்து வைத்த ஒரு மாத்திரை, அவ்வளவுதான். புதிய புரதங்கள் பிடித்துக்கொண்ட தைராக்சினை ஈடுகட்ட ஆளில்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 52 வயதுப் பெண்மணி, பல வருடங்களாக 100 மைக்ரோகிராம் தைராக்சின் எடுத்துவருகிறார். டி.எஸ்.எச். 2.1, ஃப்ரீ டி4 1.2. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 7.8, ஃப்ரீ டி4 0.9, மொத்த டி4 மட்டும் முன்பைவிட அதிகம். மொத்தத்தைப் பார்த்தால் தைராய்டு கூடியதுபோல் இருக்கும், மற்ற இரண்டையும் பார்த்தால் குறைந்ததுபோல் இருக்கும். குறைந்தது என்பதே சரி. ஃப்ரீ டி4 வரம்புக்குள் இருக்கிறதே என்று விட்டுவிடவும் முடியாது. பிட்யூட்டரி இந்த உடம்புக்கு அது போதவில்லை என்று 7.8 என்ற எண்ணில் சொல்லிவிட்டது. இவருக்கு மருத்துவர் 112 அல்லது 125 மைக்ரோகிராமுக்கு உயர்த்தலாம். அல்லது மாத்திரையை நிறுத்திப் பேட்ச்சுக்கு மாற்றிவிட்டுப் பார்க்கலாம்.

இது வெறும் ஊகம் இல்லை. 2001இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், மெனோபாஸ் கடந்த, தைராய்டு குறைபாடுள்ள 25 பெண்களுக்கும் தைராய்டு சரியாக இருந்த 11 பெண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது குழுவில் ஃப்ரீ டி4-உம் டி.எஸ்.எச்.சும் அப்படியே நின்றன. முதல் குழுவில் ஃப்ரீ டி4 இறங்கியது, டி.எஸ்.எச். ஏறியது. சாதாரண ஈட்டு டோஸில் இருந்த 18 பேரில் 7 பேருக்கு டி.எஸ்.எச். 7-ஐத் தாண்டியது. அதாவது எல்லோருக்கும் டோஸ் கூட்ட வேண்டி வரவில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது, பரிசோதித்துத்தான் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் தைராக்சின் தேவை கூடுவதற்கும் இந்தப் புரதம் ஒரு காரணம்.

எப்போது பரிசோதிப்பது? தைராக்சினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் காலம், ஏறக்குறைய ஏழு நாள். எந்த மாற்றமும் ரத்தத்தில் நிலைபெற ஐந்தாறு வாரம் பிடிக்கும். இரண்டாவது வாரமே லேப்புக்கு ஓடினால் பாதி வழியில் நிற்கும் ஓர் எண்தான் கிடைக்கும். ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு முறை, பிறகு தைராக்சின் டோஸ் மாறினால் அதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒரு முறை. போதும்.

தொந்தரவு என்னவென்றால், அறிகுறிகளை வைத்து மட்டும் இதைக் கண்டுபிடிப்பது கடினம். சோர்வு, எடை கூடுவது, மறதி, முடி கொட்டுவது, தூக்கக் கெடுதல் ஆகிய எல்லாமே மெனோபாஸுக்கும் சொந்தம், தைராய்டு குறைவுக்கும் சொந்தம். சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. தைராய்டு குறைந்தால் குளிர் தாங்காது, மலச்சிக்கல் வரும், நாடித் துடிப்பு மெதுவாகும். மெனோபாஸில் திடீரென்று மேலெல்லாம் சூடேறி வியர்க்கும். படபடப்பும் வியர்வையும் தொடர்ந்து இருந்து, எடை குறைந்துகொண்டே வந்தால் தைராக்சின் அதிகமாகிவிட்டதோ என்று யோசிக்க வேண்டும். எதுவானாலும் முடிவை ரத்தப் பரிசோதனைக்கே விட்டுவிடுவது நல்லது.

கார்ட்டிசோல்: ஏறியது எண் மட்டும்

முதலில் சொன்ன அந்த வெறும் தோற்றம் இதுதான். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சி.பி.ஜி.யைக் கூட்டுகிறது என்று பார்த்தோம். புதிதாக வந்த புரதங்கள் கார்ட்டிசோலைப் பிடித்துக்கொள்ள, ஆரோக்கியமான அட்ரீனல் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து சமன்செய்துவிடும். கட்டில்லாத கார்ட்டிசோல் பழைய அளவில் இருக்கும், மொத்தம் மட்டும் எகிறும். காலை எட்டு மணிக் கார்ட்டிசோல் 30-ஐத் தாண்டினாலும் அந்தப் பெண்ணின் உடம்பில் கூடுதல் கார்ட்டிசோல் எந்த வேலையும் செய்துகொண்டிருக்காது. முகம் உப்பியிருக்காது, தோல் மெலிந்து கன்றியிருக்காது, வயிற்றில் அகன்ற ஊதா நிறக் கோடுகள் வந்திருக்காது, உட்கார்ந்த இடத்தில் இருந்து எழத் தொடைகள் தடுமாறாது. இவை உண்மையாகவே கார்ட்டிசோல் மிகுந்த குஷிங் நோயின் அடையாளங்கள்.

அந்த நோயைத் தேடும் பரிசோதனையும் இதே காரணத்தால் ஏமாற்றும். இரவில் டெக்சாமெத்தசோன் என்ற, கார்ட்டிசோல் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவிட்டு மறுநாள் காலை கார்ட்டிசோல் அடங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தப் பரிசோதனை நோய் இல்லாமலே இருப்பதுபோல் முடிவு காட்டிவிடும். அதனால்தான் அந்தப் பரிசோதனைக்கு முன் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை ஆறு வாரம் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்த முடியாது என்றால் வேறு வழி இருக்கிறது. பின்னிரவில் எடுத்த உமிழ்நீரிலும், 24 மணி நேரம் சேர்த்த சிறுநீரிலும் பார்ப்பது கட்டில்லாத கார்ட்டிசோலை. புரதம் கூடினாலும் அவை பெரிதாக மாறுவதில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அட்ரீனல் உண்மையிலேயே பலவீனமாக இருக்கும் ஒருவர் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்தால், புரதத்தின் புண்ணியத்தில் மொத்தக் கார்ட்டிசோல் ‘நார்மல்’ என்று வந்துவிடலாம். உயர்ந்த எண் வீண் பயம் தருவதைவிட, குறையை மறைக்கும் நார்மல் எண் ஆபத்தானது என்பது என் கருத்து. ஆகவே கார்ட்டிசோல் பரிசோதனைச் சீட்டை நீட்டும்போதே ஈஸ்ட்ரோஜன் எடுப்பதையும் அது மாத்திரையா பேட்ச்சா என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மறைந்திருக்கும் ஸ்டீராய்டுகளையும் சொல்ல வேண்டும். ஆஸ்துமா இன்ஹேலர், தோலுக்குப் போடும் வீரியமான களிம்பு, மூட்டில் போட்ட ஊசி இவை எல்லாம் உடம்பின் சொந்தக் கார்ட்டிசோலை அடக்கக்கூடியவை. ‘மாத்திரை எதுவும் எடுக்கவில்லையே’ என்று சொல்லும்போது இவை ஞாபகத்துக்கே வருவதில்லை.

‘அட்ரீனல் சோர்வு’ என்ற வியாபாரம்

மெனோபாஸ் வயதில் சோர்வாக இருக்கும் பெண்ணைக் குறிவைத்து விற்கப்படும் விஷயங்களில் இது முன்வரிசையில் இருக்கிறது. மன அழுத்தத்தால் அட்ரீனல் ‘களைத்துப் போய்’ கார்ட்டிசோல் சரியாகச் சுரக்கவில்லை, அதனால்தான் தைராய்டு மாத்திரையும் ஹார்மோன் சிகிச்சையும் வேலை செய்யவில்லை என்பார்கள். கூடவே ஒரு உமிழ்நீர்ப் பரிசோதனை, நான்கைந்து சத்து மாத்திரைப் புட்டிகள். அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவ அமைப்புகள் ஏற்கவில்லை. 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 58 ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

சோர்வு பொய் என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத்திணறல், மனச்சோர்வு, டோஸ் குறைந்த தைராக்சின், இரவு முழுக்க வியர்த்து விழித்துக்கொள்வது என்று தேட வேண்டிய காரணங்கள் எத்தனையோ இருக்கின்றன. ‘அட்ரீனல் சோர்வு’ என்று பெயர் வைத்ததும் அந்தத் தேடல் நின்றுபோகிறது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அட்ரீனலுக்கு ஊட்டம் என்று விற்கப்படும் சில தயாரிப்புகளில் விலங்குச் சுரப்பியின் பொடி இருக்கும், உள்ளே ஹார்மோன் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. சொந்தச் சுரப்பி நன்றாக இருக்கும்போது வெளியில் இருந்து ஸ்டீராய்டு போனால் அது சுருண்டு படுத்துவிடும். இல்லாத நோய்க்கு மருந்து தின்று இருக்கிற சுரப்பியைக் கெடுத்துக்கொண்ட கதையாகிவிடும்.

உண்மையான அட்ரீனல் குறைபாடும், மாறக்கூடாத வரிசையும்

அடிசன் நோய் என்று சொல்லப்படும் உண்மையான அட்ரீனல் குறைபாடு அபூர்வமானது. ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தைராய்டையே தாக்கியவர்களுக்கு, அட்ரீனலையும் தாக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எடை குறைவது, உப்பின் மேல் தணியாத ஆசை, எழுந்து நின்றால் தலைசுற்றல், வாந்தி, வெயில் படாத இடத்தில்கூட, உள்ளங்கை ரேகைகளிலும் ஈறுகளிலும் கருமை படர்வது இவை சேர்ந்து வந்தால் நாள் கடத்தக்கூடாது.

இந்த இடத்தில் வரிசை உயிர் காக்கும் விஷயம். தைராக்சின் உள்ளே போனால் உடம்பு கார்ட்டிசோலைச் செலவழிக்கும் வேகம் கூடும். கார்ட்டிசோல் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருப்பவருக்கு முதலில் தைராக்சினைக் கொடுத்தால், இருந்த கொஞ்சமும் கரைந்து, ரத்த அழுத்தம் படுத்துவிடும் அட்ரீனல் நெருக்கடி வரலாம். அதனால் இரண்டும் குறைவாக இருந்தால் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன் (மருந்தாகக் கொடுக்கும் கார்ட்டிசோல்), பிறகே தைராக்சின். தைராய்டு மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒருவருக்கு உடம்பு தேறுவதற்குப் பதில் தலைசுற்றலும் வாந்தியும் பலவீனமும் கூடிக்கொண்டே போனால், ‘டோஸ் பழகும்வரை அப்படித்தான்’ என்று சமாதானம் சொல்லாமல் அட்ரீனலைச் சோதிக்க வேண்டும்.

சுவாரசியமான ஒன்று: கார்ட்டிசோல் குறைவே டி.எஸ்.எச்.சைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். சிலருக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் ஆரம்பித்ததும் அது தானாகவே இறங்கிவிடும், தைராக்சினே தேவைப்படாது. எதிர்மாறாக, பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் அதிக டோஸில் போனால் டி.எஸ்.எச். அடங்கும், டி4 டி3-ஆக மாறுவதும் குறையும். காய்ச்சலோ தீவிர நோயோ வந்து கிடக்கும்போது தைராய்டு சோதிக்க வேண்டாம் என்று சொல்வதற்கும் இப்படிப்பட்ட குழப்பங்கள்தான் காரணம்.

அட்ரீனல் குறைபாட்டுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் எடுப்பவர்கள் பொதுவாக நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் வரை, இரண்டு மூன்றாகப் பிரித்து, பெரிய பங்கை எழுந்தவுடன் எடுக்கிறார்கள். இவர்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் எடுத்தால் ரத்தத்தின் மொத்தக் கார்ட்டிசோலை வைத்து டோஸை அளக்கவே முடியாது. எடை, ரத்த அழுத்தம், உடம்பின் தெம்பு இவற்றை வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். காய்ச்சல் வந்தால் டோஸை இரண்டு மூன்று மடங்காக்குவது, வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டுக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போவது போன்ற விதிகள் ஹார்மோன் சிகிச்சையால் மாறுவதில்லை.

மற்ற ஹார்மோன்கள்

டெஸ்டோஸ்டிரோன் எதிர்த்திசையில் வேலை செய்கிறது, டி.பி.ஜி.யைக் குறைக்கிறது. தைராக்சின் எடுக்கும் ஒருவர் ஆணாக மாறும் சிகிச்சைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ டெஸ்டோஸ்டிரோன் ஆரம்பித்தால், பழைய டோஸ் அதிகமாகிப் படபடப்பு வரலாம். பெண்ணாக மாறும் சிகிச்சையில் ஈஸ்ட்ரோஜனை விழுங்குபவர்களுக்கு இதுவரை சொன்னதெல்லாம் பொருந்தும்.

பிட்யூட்டரியே பழுதானவர்களின் நிலை தனி. அவர்களுக்கு டி.எஸ்.எச். நம்பத்தக்க எண் இல்லை, ஃப்ரீ டி4-ஐத்தான் பார்க்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி ஆரம்பிக்கும்போது, அதுவரை ஒளிந்திருந்த தைராய்டுக் குறையும் கார்ட்டிசோல் குறையும் வெளியே வரலாம் என்பதால் இரண்டையும் மறுபடி சோதிப்பார்கள். இது முழுக்க நிபுணர்களின் களம்.

ரத்தம் கொடுக்கப் போகும் நாள்

முடிவு சரியாக வருவதில் பாதி, ரத்தம் கொடுக்கும் முன் என்ன செய்தோம் என்பதில் இருக்கிறது. முடி, நகத்துக்காக எடுக்கும் பயோட்டின் மாத்திரை இதில் முதல் குற்றவாளி. 5, 10 மில்லிகிராம் வீரியத்தில் எடுத்தால் பல லேப் கருவிகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடியும் வரும். தைராய்டு கூடிப்போனதற்கு அச்சு அசலான ரிப்போர்ட் கையில் இருக்கும், ஆளுக்கு ஒன்றும் இருக்காது. குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

தைராக்சினை ரத்தம் கொடுத்த பிறகு விழுங்குவது நல்லது. விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கொஞ்சம் மேலே நிற்கும். அன்றாடம் எடுப்பதில் ஒழுங்கும் முக்கியம். வெறும் வயிற்றில், தண்ணீரோடு, சாப்பாட்டுக்கும் காபிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன். மெனோபாஸ் வயதில் எலும்புக்காகக் கால்சியம் சேர்ந்துகொள்ளும். அதையும் இரும்புச்சத்து மாத்திரையையும் தைராக்சினில் இருந்து நான்கு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தைராக்சின் குடலில் உறிஞ்சப்படாமலே போகும். ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய அதே மாதம் கால்சியமும் தொடங்கி, டி.எஸ்.எச். ஏறியதற்குப் பழி ஈஸ்ட்ரோஜன் மேல் விழுவதும் உண்டு. டோஸைக் கூட்டுவதற்கு முன் மாத்திரை நேரங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் இது பிடிபட்டுவிடும்.

கார்ட்டிசோலுக்கு என்றால் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். இரவுப் பணி பார்ப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர்களுடைய கார்ட்டிசோல் கடிகாரம் வேறு நேரத்தில் ஓடக்கூடும்.

நிறுத்தும்போதும் மாற்றும்போதும்

ஆரம்பிக்கும்போது எல்லோரும் உஷாராக இருக்கிறார்கள். நிறுத்தும்போது கோட்டைவிடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்காகத் தைராக்சினை 100-இல் இருந்து 125-ஆக உயர்த்தியவர், இரண்டு வருடம் கழித்து மாத்திரையை விட்டுவிட்டார் அல்லது பேட்ச்சுக்கு மாறினார் என்று வைப்போம். டி.பி.ஜி. மெல்ல இறங்கும், பிடிபட்டிருந்த தைராக்சின் விடுபடும், 125 இப்போது அதிகம். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை வரலாம். ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். வெளியே தெரியாமல் டி.எஸ்.எச். நீண்ட காலம் அடங்கிக் கிடந்தால் இதயத் துடிப்பு சீரற்றுப் போகும் அபாயமும் எலும்புத் தேய்மானமும் கூடும். எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜனும் அதே சமயம் போய்விட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வயதில் இது சின்ன விஷயம் இல்லை. கூடவே ஸ்டீராய்டும் எடுப்பவர் என்றால் எலும்பின் மேல் மூன்றாவது அடி.

ஈஸ்ட்ரோஜன் தருபவர் மகப்பேறு மருத்துவராகவும் தைராக்சின் எழுதுபவர் வேறொருவராகவும் இருப்பது சகஜம். ஒருவர் செய்த மாற்றம் மற்றவருக்குத் தெரிய வருவது நீங்கள் சொன்னால்தான். மாற்றிய தேதியைக் குறித்துவைத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். எடுக்க ஒரு சீட்டை அன்றே கேட்டு வாங்கிவிடலாம்.